365-உம் 5,280-உம் எங்கிருந்து வந்தன?

ஓர் ஆண்டுக்கு 365 நாள், சில ஆண்டுகளில் 366. ஒரு மாதத்துக்கு 31, இன்னொன்றுக்கு 30, பிப்ரவரிக்கு மட்டும் 28. ஒரு மைலுக்கு 5,280 அடி. பள்ளியில் மனப்பாடம் செய்து கடந்துவிடும் இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணங்கள் இரண்டு வகை. நாட்காட்டிக்கு எண்களைத் தருவது வானம். எப்படி வகுத்தாலும் மீதி விழும்படிதான் தருகிறது. அந்த மீதியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது மட்டும் மனிதர் கையில் இருக்கிறது. நீளத்துக்கும் எடைக்கும் வானத்திலிருந்து எந்த எண்ணும் வரவில்லை. அங்கே இருப்பது வேறொரு சிக்கல்: ஒருவர் அளந்ததும் இன்னொருவர் அளந்ததும் ஒன்றுதான் என்று எதை வைத்து நம்புவது?

முதலில் வானத்தைப் பார்ப்போம்.

வானத்தின் மூன்று கடிகாரங்கள்

சூரியன் உச்சிக்கு வந்து மறுபடி உச்சிக்கு வருவது ஒரு நாள். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53059 நாள். பருவங்கள் ஒரு சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கே திரும்ப 365.24219 நாள், அதாவது 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி. பூமி தன்னைத்தானே சுற்றுவது, நிலா பூமியைச் சுற்றுவது, பூமி சூரியனைச் சுற்றுவது ஆகிய மூன்றும் தனித்தனி இயக்கங்கள். ஒன்று மற்றொன்றை மீதியின்றி வகுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, வகுப்பதும் இல்லை.

12 அமாவாசைகளைக் கூட்டினால் 354.37 நாள்தான் ஆகிறது. பருவ ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. 13 அமாவாசை என்றால் 383.9 நாள், 18 நாளுக்கு மேல் அதிகம். உலகின் நாட்காட்டிகளில் பெரும்பாலானவை இந்த 11 நாளை என்ன செய்தன என்பதை வைத்தே அவற்றைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த 11 நாளை அப்படியே விட்டுவிடுவது ஒரு வழி. இஸ்லாமிய நாட்காட்டி அதைத்தான் செய்கிறது. மாதம் நிலாவோடு துல்லியமாக ஒட்டியிருக்கும்; ஆண்டு பருவங்களுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். ரமலான் மாதம் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை கடந்து வருகிறது.

நிலாவை விட்டுவிட்டுச் சூரியனை மட்டும் பிடித்துக்கொள்வது இன்னொரு வழி. பண்டைய எகிப்தியர் 30 நாள் கொண்ட 12 மாதங்களை வைத்து, கடைசியில் 5 நாள் சேர்த்து 365 ஆக்கினார்கள். கணக்கு வைக்க இதைவிட எளிதானது இல்லை. ஆனால் கால் நாள் விடுபட்டதால் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நாட்காட்டி பருவத்திலிருந்து விலகியது. கி.மு. 238-இல் மூன்றாம் டாலமி காலத்துக் கனோபஸ் ஆணை நான்காண்டுக்கு ஒரு நாள் கூட்டச் சொன்னது. நடைமுறையில் அது எடுபடவில்லை.

மூன்றாவது வழி இரண்டையும் பிடித்துக்கொள்வது: 11 நாள் சேர்ந்து சேர்ந்து ஒரு மாத அளவுக்கு வந்ததும் அதிக மாதம் ஒன்றை நுழைப்பது. எத்தனை ஆண்டுக்கு எத்தனை அதிக மாதம்? காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 19 ஆண்டை 365.24219-ஆல் பெருக்கினால் 6,939.60 நாள். 235 நிலா மாதங்களை 29.53059-ஆல் பெருக்கினால் 6,939.69 நாள். வித்தியாசம் சுமார் 2 மணி நேரம் மட்டுமே. 19 ஆண்டுக்கு 12 வீதம் 228 மாதம். 235-க்கு இன்னும் 7 வேண்டும். ஆகவே 19 ஆண்டுக்கு 7 அதிக மாதம். ஏதென்ஸ் நகரின் மெட்டோன் கி.மு. 432-இல் இந்தச் சுழற்சியை முன்வைத்தார். பாபிலோனியரும் இதைப் பயன்படுத்தினர். யூத நாட்காட்டி இன்றும் இதே 19-க்கு 7 கணக்கில் ஓடுகிறது. தொலைநோக்கி இல்லாத காலத்தில், பல தலைமுறையாகக் குறித்து வைத்த பதிவுகளை மட்டும் கொண்டு எட்டிய துல்லியம் இது. நாட்காட்டி வரலாற்றில் இதற்கு இணையாக எதையும் சொல்லத் தோன்றவில்லை.

பிப்ரவரிக்கு மட்டும் ஏன் 28?

நாம் இன்று பயன்படுத்தும் நாட்காட்டி ரோமிலிருந்து வந்தது. மாத நீளங்கள் இப்படி ஒழுங்கில்லாமல் இருப்பதற்கு ரோமானியரின் ஒரு நம்பிக்கைதான் வேர்: இரட்டைப்படை எண் ஆகாது. அதனால் மார்ச், மே, ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களுக்கு 31 நாளும், மற்றவற்றுக்கு 29 நாளும் வைத்தார்கள். ஆண்டின் மொத்தமும் ஒற்றைப்படையாக, 355 ஆக இருக்க வேண்டும். இங்கே கணக்கு இடித்தது. பன்னிரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் விடை எப்போதும் இரட்டைப்படையாகத்தான் வரும். எனவே ஏதாவது ஒரு மாதமாவது இரட்டைப்படையாக இருந்தே தீர வேண்டும். இறந்தோருக்கான சடங்குகள் நடக்கும் பிப்ரவரி அதற்கு ஒதுக்கப்பட்டது: 28 நாள்.

355 நாள் ஆண்டு பருவத்தோடு ஒத்துப்போக இடையிடையே ஒரு கூடுதல் மாதம் தேவைப்பட்டது. பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிந்ததால், இந்தத் திருத்தமும் பிப்ரவரியின் கடைசியில்தான் நடந்தது. லீப் நாள் இன்றும் அந்த மாதத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். கூடுதல் மாதத்தை எப்போது சேர்ப்பது என்ற அதிகாரம் பூசாரிகளின் குழுவிடம் இருந்தது. அவர்களில் பலர் அரசியல்வாதிகள். வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டு நீண்டது, வேண்டாதவர் இருந்தால் நீளவில்லை. போர்க்காலத்தில் விட்டே போனது. ஜூலியஸ் சீசரின் காலத்தில் நாட்காட்டி பருவத்தைவிட ஏறத்தாழ மூன்று மாதம் விலகியிருந்தது. விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைச் செயல்படுத்துவது ஒருவரின் விருப்பத்தைப் பொறுத்தது என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

அலெக்சாந்திரியாவின் வானியலாளர் சொசிஜெனிஸ் ஆலோசனையின்படி சீசர் கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாளாக நீட்டி விலகலைச் சரிசெய்தார். கி.மு. 45 ஜனவரி 1 முதல் ஆண்டுக்கு 365 நாள், நான்காண்டுக்கு ஒருமுறை 366. பழைய 355-உடன் சேர்க்க வேண்டிய 10 நாள் இப்படிப் பிரிக்கப்பட்டது: ஜனவரி, ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களுக்கு இரண்டிரண்டு; ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பருக்கு ஒவ்வொன்று. சடங்குகள் குலையக் கூடாது என்று பிப்ரவரியைத் தொடவில்லை. இன்றைய மாத நீளங்கள் அப்படியே வந்துவிட்டன. சீசருக்குப் பின் வந்த பேரரசர் அகஸ்டஸ் தன் பெயர் கொண்ட மாதத்துக்காகப் பிப்ரவரியிடமிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. ஆகஸ்டுக்கு 31 நாள் வந்தது சீசரின் இந்தப் பங்கீட்டில்தான்.

புது விதியும் தொடக்கத்திலேயே தடுக்கி விழுந்தது. ரோமானியர் எண்ணும்போது தொடங்கும் ஆண்டையும் சேர்த்தே எண்ணுவார்கள். "நான்காம் ஆண்டு தோறும்" என்பதை அவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று எடுத்துக்கொண்டார்கள். 36 ஆண்டுகளில் 9 லீப் நாள் வர வேண்டிய இடத்தில் 12 வந்தது. கூடிப்போன மூன்றையும் அகஸ்டஸ் சில லீப் ஆண்டுகளைத் தவிர்த்துக் கழித்தார்.

10 நாள் காணாமல் போனது

சீசரின் ஆண்டு 365.25 நாள். உண்மையான பருவ ஆண்டைவிட 11 நிமிடம் சொச்சம் அதிகம். ஓர் ஆண்டில் தெரியாது. 128 ஆண்டில் அது ஒரு நாள் ஆகிவிடும். கி.பி. 325-இல் நைசியா திருச்சபை மாநாடு நடந்தபோது மார்ச் 21-ஐ ஒட்டி வந்த சம இரவு நாள், 16-ஆம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு நகர்ந்திருந்தது. ஈஸ்டர் திருநாளைக் கணிப்பது அந்த நாளை வைத்து என்பதால் திருச்சபைக்கு இது பெரிய சிக்கல்.

அலோய்சியஸ் லிலியஸ் வகுத்து, கிறிஸ்டோபர் கிளேவியஸ் வாதிட்டு நிலைநிறுத்திய தீர்வைப் போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582 பிப்ரவரியில் ஆணையாக வெளியிட்டார். அதில் இரண்டு பகுதி. சேர்ந்துவிட்ட பிழையை நீக்க, 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. இனிப் பிழை சேராமல் இருக்க, நூறால் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு. 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை, 2100-உம் இல்லை. இதனால் 400 ஆண்டில் 97 லீப் நாள், சராசரி ஆண்டு 365.2425 நாள். மீதமுள்ள பிழை ஒரு நாளாக வளர 3,000 ஆண்டுக்கு மேல் ஆகும். இன்னொரு வசதியும் தற்செயலாக அமைந்தது: 400 ஆண்டில் 146,097 நாள், அது 7-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. எனவே 400 ஆண்டுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் சேர்ந்து அச்சுப் பிசகாமல் திரும்ப வரும்.

1901 முதல் 2099 வரை "நான்கால் வகுபட்டால் லீப்" என்ற எளிய விதியே தப்பாமல் வேலை செய்கிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முழு விதியை எழுத மறந்த மென்பொருள் நெடுங்காலம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும். எக்செல் மென்பொருளில் 60 என்ற எண்ணைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த பிழை, அதன் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல்லிலும் வைத்துக்கொள்ளப்பட்டது.

எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் மாறவில்லை என்பதுதான் வரலாறு படிப்பவர்களுக்குப் பெரிய தொல்லை. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-இல் மாறின: செப்டம்பர் 2-க்கு அடுத்து 14. ரஷ்யா 1918-இல்: ஜனவரி 31-க்கு அடுத்து பிப்ரவரி 14. கிரீஸ் 1923-இல். நீக்க வேண்டிய நாள் 10-லிருந்து 11, 13 என்று கூடிக்கொண்டே போனதற்குக் காரணம் எளிது. 1700, 1800, 1900 ஆகிய ஆண்டுகள் பழைய முறையில் லீப், புதிய முறையில் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு நாளைக் கூட்டியது. பழைய தேதியைப் புதியதாக மாற்ற, 1700 பிப்ரவரி வரை 10, அதன் பின் 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, பிறகு 13 நாள் கூட்ட வேண்டும். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7-ஆம் தேதியில் வருவது இதனால்தான். கலிலியோ இறந்த அதே 1642-இல் நியூட்டன் பிறந்தார் என்று சொல்வதும் இந்த மாற்றத்தைக் கவனிக்காததால் வரும் பிழை. கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 புதிய நாட்காட்டித் தேதி. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய தேதி. புதிய கணக்கில் அது 1643 ஜனவரி 4. பழைய ஆவணத்தில் ஒரு தேதியைப் பார்த்தால், அது எந்த நாட்டில் எழுதப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இங்கிலாந்தில் 1752-க்கு முன் அரசுக் கணக்கில் ஆண்டே மார்ச் 25-இல்தான் பிறந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சனிக்குப் பின் ஞாயிறு வருவது எப்படி?

வாரத்துக்கு வானத்தில் நேரடியான சுழற்சி இல்லை. ஏழு நாள் என்ற எண்ணிக்கையை யூத மரபு வழிவழியாகக் காத்து வந்தது. கிழமைகளுக்குக் கோள்களின் பெயரும் வரிசையும் தந்தது ஹெலனிய, ரோமானிய உலகின் சோதிடம். அந்த வரிசைக்குப் பின்னே ஒரு சிறிய கணக்கு இருக்கிறது.

வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஏழு வான்பொருள்களை மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை அடுக்கினால்: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். நாளின் ஒவ்வொரு மணியையும் இந்த வரிசையில் ஒவ்வொரு கோளுக்குக் கொடுத்தார்கள். முதல் மணிக்குரிய கோளே அந்த நாளின் பெயர். சனிக்கிழமையின் முதல் மணி சனிக்கு. 8, 15, 22-ஆம் மணிகளும் சனிக்கே. 23 வியாழனுக்கு, 24 செவ்வாய்க்கு. அடுத்த நாளின் முதல் மணி ஞாயிறுக்கு. 24-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே ஒவ்வொரு நாளும் பட்டியலில் மூன்று இடம் தாவுகிறது. ஞாயிறிலிருந்து மூன்று தாவினால் திங்கள், அங்கிருந்து செவ்வாய், பிறகு புதன், வியாழன், வெள்ளி. நம் வாயில் தினமும் புழங்கும் கிழமை வரிசை முழுவதும் இந்த ஒரு வகுத்தலில் கிடைத்துவிடுகிறது.

24 மணி நேரம் எகிப்தியர் கொடை. பகலுக்கு 12, இரவுக்கு 12 என்று பிரித்தார்கள். அதனால் கோடைப் பகலின் ஒரு மணி குளிர்காலப் பகலின் மணியைவிட நீளமானது. சமமான மணிகளைக் கிரேக்க வானியலாளர் கணக்குக்காகப் பயன்படுத்தினாலும், மக்களிடம் அவை பரவியது 14-ஆம் நூற்றாண்டின் இயந்திரக் கடிகாரங்களால்தான். 60 நிமிடம், 60 விநாடி என்பது பாபிலோனியர் எண்முறை. 60-ஐ 2, 3, 4, 5, 6 எல்லாவற்றாலும் பின்னமின்றி வகுக்கலாம். பிரெஞ்சுப் புரட்சி அரசு நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், 10 நாளுக்கு ஒரு வாரம் என்று மாற்றிப் பார்த்தது. ஒன்றும் நிலைக்கவில்லை, பத்து நாளுக்கு ஒருமுறை ஓய்வு என்பதை உழைப்பவர் யார்தான் விரும்புவார்?

வயல் சுருங்காது

விரல், சாண், முழம், அடி எனத் தொடக்க கால நீள அளவுகள் எல்லாம் உடலிலிருந்து வந்தவை. எப்போதும் கூடவே இருக்கும், தொலையாது. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே கட்டடத்தில் நூறு பேர் கல் செதுக்கும்போது இது செல்லாது. எகிப்தியரின் அரச முழம் 28 விரல், ஏறத்தாழ 52.5 செ.மீ. அது கோலாகச் செய்யப்பட்டுப் பயன்பட்டது; அப்படிப்பட்ட கோல்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உடலில் பிறந்த அளவு கோலுக்கு மாறியதும் அது யாருடைய கையையும் சார்ந்திருப்பதில்லை.

இனி 5,280. ரோமானிய மைல் 5,000 அடி. நடையில் ஆயிரம் இரட்டைத் தப்படி. இங்கிலாந்தில் நிலத்தை அளந்தது வேறு அளவுகளால். எருது பூட்டி உழும் நீண்ட சாலின் நீளம் ஒரு ஃபர்லாங். அதில் 40 கோல். 40 கோல் நீளமும் 4 கோல் அகலமும் கொண்ட துண்டு ஓர் ஏக்கர். ஒரு கோல் 16½ அடி. இந்த அரை எங்கிருந்து வந்தது? வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்கும் விளக்கம் இது: பழைய நீண்ட அடியில் கோல் சரியாக 15 அடி. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் அடி பதினொன்றில் பத்துப் பங்காகக் குறைந்தது. அடியைச் சுருக்கலாம், வயலைச் சுருக்க முடியுமா? வரப்பும் வரியும் பத்திரமும் கோலில்தான் இருந்தன. எனவே கோல் அப்படியே நின்றது, எண் மட்டும் 15-லிருந்து 16½ ஆனது.

அதே அழுத்தம் மைலையும் வளைத்தது. 40 கோல் என்றால் 660 அடி, அதுவே ஃபர்லாங். 5,000 அடி மைலுக்குள் அது ஏழரைக்கு மேல், எட்டுக்குக் கீழ். முதலாம் எலிசபெத் காலத்து 1593-ஆம் ஆண்டுச் சட்டம் மைலுக்கு 8 ஃபர்லாங் என்று வகுத்தது: 8 × 660 = 5,280. நிலத்தோடு கட்டப்பட்ட அளவு அசையவில்லை. வழிநடைக்கான அளவு வளைந்து கொடுத்தது. 1620-ஐ ஒட்டி எட்மண்ட் குன்டர் 66 அடி நீளத்தில் 100 கண்ணி கொண்ட சங்கிலியை வடிவமைத்தார். 10 சங்கிலி ஒரு ஃபர்லாங், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஒழுங்கில்லாத பழைய அளவுகளைத் தசமத்தில் கணக்கிட வைத்த அருமையான கருவி அது.

பூமியை அளந்து எடுத்த கோல்

புரட்சிக்கு முந்தைய பிரான்சில் ஒரே பெயருடைய அளவு ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. வசூலிப்பவரின் படி பெரிதாக இருந்தால் கொடுப்பவருக்கு அது நேரடி இழப்பு. யாருக்கும் சொந்தமில்லாத, இயற்கையிலிருந்து எடுத்த ஓர் அளவு வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்துதான் எழுந்தது.

இரண்டு யோசனைகள் இருந்தன. ஒரு பக்கம் போய்ச்சேர ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளத்தை, ஏறத்தாழ 99.4 செ.மீ., அளவாகக் கொள்வது ஒன்று. ஆனால் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும். 1672-இல் ஜான் ரிஷே பாரிசிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. எந்த ஊரின் ஊசல் என்ற கேள்வி உடனே வந்துவிடும். ஆகவே 1791-இல் மற்ற யோசனை தேர்வானது: வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர்.

முழுத் தூரத்தையும் அளக்கத் தேவையில்லை. டன்கிர்க் முதல் பார்சிலோனா வரையுள்ள பகுதியை முக்கோணங்களாகப் பிரித்து அளந்து, இரு முனைகளின் அட்சரேகையை நட்சத்திரங்களைக் கொண்டு கண்டுபிடித்தால், மீதியைக் கணக்கால் பெறலாம். வானியலாளர்கள் டெலாம்பரும் மெஷானும் 1792-இல் இதைத் தொடங்கி, போருக்கும் கைதுகளுக்கும் நடுவே ஆறேழு ஆண்டு உழைத்து முடித்தார்கள். 1799-இல் பிளாட்டினக் கோல் ஆவணக்காப்பகத்தில் வைக்கப்பட்டது. பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்ற மதிப்பு பிசகியதால் அந்தக் கோல் ஏறத்தாழ 0.2 மி.மீ. குட்டையாகிவிட்டது, உண்மையில் துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை 10,002 கி.மீ. தெரிந்த பிறகும் கோலை மாற்றவில்லை, மாற்றாதது சரியும்கூட. எல்லோரும் அதையே படியெடுத்திருக்கும்போது இயற்கையோடு ஒத்துப்போவதைவிட ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதே முக்கியம்.

1875 மே 20-இல் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பழைய அளவுகளும் மெல்ல மெல்ல மீட்டரின் பின்னமாகவே வரையறுக்கப்பட்டன: 1959 முதல் ஒரு கெஜம் சரியாக 0.9144 மீட்டர், ஓர் அங்குலம் சரியாக 25.4 மி.மீ. 1960-இல் கோலே தேவையற்றுப் போனது, ஓர் ஒளியின் அலைநீளம் அதன் இடத்துக்கு வந்தது. 1983 முதல், ஒளி வெற்றிடத்தில் 299,792,458-இல் ஒரு பங்கு விநாடியில் கடக்கும் தூரம் மீட்டர். கிலோகிராம் மட்டும் பாரிசுக்கு அருகே பூட்டிவைத்த ஓர் உலோக உருளையாகவே நீடித்தது. அதோடு அதன் பிரதிகளை நூறாண்டு இடைவெளியில் ஒப்பிட்டபோது 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு தெரிந்தது. மாறியது உருளையா பிரதிகளா என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் வரையறைப்படி உருளை எப்போதும் சரி. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்ற, இயற்பியலின் மாறாத மதிப்பு அதன் இடத்தை எடுத்துக்கொண்டது.

வரையறை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், இரண்டு அளவைமுறை புழங்கும் இடத்தில் பெருக்கும் எண் மாறினால் எல்லாம் போச்சு. 1983 ஜூலை 23-இல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. அளவுமானி பழுது, தொட்டியில் 7,682 லிட்டர் இருப்பதாகக் கோல் விட்டு அளந்தார்கள். லிட்டரைக் கிலோவாக்க 0.803-ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77-ஆல், அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். ஆகவே 13,597 "கிலோ" ஏற்கெனவே இருக்கிறது என்று எண்ணி 4,916 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். நிரப்பியிருக்க வேண்டியது 20,088 லிட்டர். நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றன. விமானிகள் அதை மிதக்கவிட்டே கிம்லி என்ற இடத்தின் பழைய விமானத் தளத்தில் இறக்கினார்கள், யாரும் சாகவில்லை. 1.77 என்று வெறும் எண்ணாக எழுதாமல் "லிட்டருக்கு 1.77 பவுண்டு" என்று எழுதியிருந்தால் பிழை அந்த வரியிலேயே கண்ணில் பட்டிருக்கும். எண்ணோடு அலகையும் சேர்த்து எழுதி, சேர்த்தே அடித்துக் கழிக்கும் பழக்கத்தை அறிவியல் வகுப்பில் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

விநாடி பூமியை விட்டுப் பிரிந்தது

நாளை 86,400 பங்காக்கினால் ஒரு விநாடி என்பதே நெடுங்கால வரையறை. பூமியின் சுழற்சி சீரானது இல்லை என்று 20-ஆம் நூற்றாண்டில் உறுதியானதும் அது போதாமல் போனது. 1967 முதல், சீசியம்-133 அணுவின் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் நேரம் ஒரு விநாடி. பழைய வானியல் விநாடியோடு பொருந்தும்படி தேர்ந்த எண் அது. அந்தப் பழைய விநாடி 19-ஆம் நூற்றாண்டின் நாளை அடிப்படையாகக் கொண்டது. அதற்குப் பின் நாள் ஒன்றிரண்டு மில்லிவிநாடி நீண்டிருக்கிறது. அணுக் கடிகாரம் சூரியனை மெல்ல முந்திக்கொண்டே போகும்.

இரண்டுக்குமான இடைவெளி 0.9 விநாடியைத் தாண்டக் கூடாது என்று 1972 முதல் லீப் விநாடி சேர்க்கப்பட்டது. 2016 டிசம்பர் 31 வரை 27 முறை. லீப் நாளைப் பல நூற்றாண்டுக்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். லீப் விநாடியை அப்படிச் செய்ய முடியாது, பூமியின் சுழற்சியை அளந்து பார்த்துச் சில மாதங்களுக்கு முன்தான் அறிவிக்க முடியும். 61 விநாடி கொண்ட நிமிடத்தை எதிர்பாராத கணினிகள் 2012 ஜூன் 30-இல் பல இடங்களில் திணறின. 2022 நவம்பரில் கூடிய எடை, அளவுகளுக்கான பொது மாநாடு, அனுமதிக்கப்படும் இடைவெளியை 2035-க்குள் கூட்டிவிடுவது என்று முடிவெடுத்தது. அதன் பிறகு அணுக் கடிகாரத்தின் நேரமும் பூமி சுழலும் நேரமும் ஒரு விநாடிக்கு மேலும் விலகலாம்.